உங்கள் சபை என்ன சொல்கிறது என்று கேட்டால்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது வருடங்களுக்கு மேலாக லண்டனின் புறநகர் ஒன்றில் வாழ்கிறேன். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவள். பல வருடங்களாக ஒரு கட்சியிலும் உறுப்பினர். மழையென்றும் குளிரென்றும் பாராமல் வீடு வீடாகப் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறேன். இப்போது எங்கள் வட்டாரத்தில் கவுன்சிலர் பதவிக்கு நிற்கும்படி கேட்கிறார்கள். வேட்பாளர் நேர்முகத்தில் குழுவிலிருந்த ஒருவர், “தன்பாலினத் திருமணத்தைப் பற்றி உங்கள் சபை என்ன சொல்கிறது? இன்னொரு டிம் ஃபாரன் கதை எங்களுக்கு வேண்டாம்” என்றார். திகைத்துப்போய் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சட்டத்தின் முன் எல்லோருக்கும் ஒரே உரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திருமணம் பற்றிய என் சபையின் போதனையையும் நான் விட்டுவிடவில்லை. “ஃபாரனைத் துரத்தினார்கள், உன்னையும் துரத்துவார்கள், விலகி வா” என்கிறார் எங்கள் போதகர். “அம்மா, ஃபாரன் ஒரு பாசாங்குக்காரர், நீங்களும் இரண்டு முகம் காட்டப்போகிறீர்களா?” என்கிறான் மகன். நான் யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும்? இதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தேர்தலில் நில்லுங்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளூராட்சிச் சட்டத்தில் தொழில் செய்பவன் என்பதால் எல்லாக் கட்சிகளின் கவுன்சிலர்களையும் பார்த்திருக்கிறேன். தேர்தலுக்கு முன் சொல்லாமல் விட்ட விஷயம் தேர்தலுக்குப் பின் தானாக மறைந்துபோனதை நான் கண்டதில்லை. வேறொருவர் வாயிலிருந்து, வேறொரு வடிவத்தில், மிக மோசமான ஒரு வாரத்தில் அது வெளியே வரும்.

உங்கள் போதகரும் மகனும் ஒரே மனிதரின் கதையை எடுத்து எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இருவரிடமும் பாதிக் கதைதான் இருக்கிறது. நேர்முகக் குழுவும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் உங்களை மடக்கியிருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டிம் ஃபாரன் லிபரல் டெமாக்ரட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியை உள்ளடக்கிய வெஸ்ட்மோர்லண்ட் அண்ட் லான்ஸ்டேல் தொகுதியில் 2005ஆம் ஆண்டு வெறும் 267 வாக்கு வித்தியாசத்தில் வென்று உள்ளே வந்தார். இளவயதிலேயே தன்விருப்பத்தால் விசுவாசத்துக்கு வந்தவர்; பெயரளவுக் கிறிஸ்தவர் அல்ல. கட்சிக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்தவரும் அல்ல. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் உடன்படிக்கை பற்றிய பொதுவாக்கெடுப்புப் பிரச்சினையில் வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கும்படி கட்சித் தலைவர் நிக் கிளெக் சொன்னபோது அதை மீறி வாக்களித்து, தன் பொறுப்பைத் துறந்தார். 2010இல் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் வாக்கெடுப்பில், கட்சி கூட்டணி அரசில் இருந்தபோதே, எதிர்த்து வாக்களித்தார். இதனாலெல்லாம் கட்சிக்குள் அவருடைய மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. 2015 ஜூலையில் உறுப்பினர்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்வான கையோடு சேனல் 4 தொலைக்காட்சியில், தன்பாலின உடலுறவு பாவமா என்று கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நாம் எல்லோரும் பாவிகள்தான் என்று பொதுவாகச் சொல்லி நழுவினார். அந்த நழுவல் இரண்டு வருடம் அப்படியே உறைந்து கிடந்தது. 2017 ஏப்ரலில் பிரதமர் தெரேசா மே திடீர்த் தேர்தலை அறிவித்ததும் அதே தொலைக்காட்சியில், அதே நேர்காணலாளரிடமிருந்து, அதே கேள்வி வந்தது. மறுபடியும் நழுவினார். பிறகு நாடாளுமன்றத்தில் ஒரு கன்சர்வேட்டிவ் உறுப்பினர் எழுந்து, தன்பாலின ஈர்ப்பாளராக இருப்பது பாவம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்க, இல்லை என்றார். அது போதவில்லை. சில நாட்கள் கழித்து பிபிசியிடம், உடலுறவும் பாவமில்லை என்றே சொல்லிவிட்டார்.

தேர்தலில் கட்சி 8 இடங்களிலிருந்து 12 ஆக உயர்ந்தது. அவருடைய சொந்த வித்தியாசமோ 777 வாக்குகளாகச் சுருங்கியது. 2017 ஜூன் 14ஆம் தேதி, கட்சியின் உள்துறைப் பேச்சாளரும் லண்டன் போலீஸின் முன்னாள் உயர் அதிகாரியும் வெளிப்படையான தன்பாலின ஈர்ப்பாளருமான பிரையன் பேடிக், தலைவரின் கருத்துகள் கவலையளிப்பதாகக் கூறிப் பொறுப்பிலிருந்து விலகினார். அன்று மாலையே ஃபாரனும் பதவி விலகினார். முற்போக்கான ஒரு கட்சிக்குத் தலைவராக இருந்துகொண்டு வேதாகமத்தின் போதனைக்கு உண்மையான கிறிஸ்தவராகவும் வாழ்வது தனக்கு இயலாததாகிவிட்டது என்பது அவருடைய விளக்கம். 2018 ஜனவரியில் ஒரு கிறிஸ்தவ வானொலியில், பாவமில்லை என்று சொன்னதற்காக வருந்துவதாகச் சொன்னார்.

உங்கள் போதகர் இந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர்த்துவிட்டுத்தான் கதை சொல்கிறார் என்று நினைக்கிறேன். கட்சியை எதிர்த்து வாக்களித்த காலத்தில் ஃபாரன் வளர்ந்தார். கட்சியைக் காப்பாற்றுவதற்காகத் தன் மனதில் இல்லாததைச் சொன்ன பிறகுதான் நிற்க முடியாமல் போனார். அவருடைய விசுவாசத்தை யாரும் பிடுங்கவில்லை. தேர்தல் நெருக்கடியில் அவரே அதை அடகு வைத்தார், பிறகு மீட்கப் பார்த்தார். சந்தேகப் பார்வைக்கு ஆளாக்கப்பட்டேன் என்று அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. சார்ல்ஸ் கென்னடி கத்தோலிக்கர். அதே கட்சிக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய திருச்சபை எதைப் பாவம் என்கிறது என்று எந்தத் தொலைக்காட்சியும் அவரைத் துரத்திக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பாவக் கணக்கைத் தொலைக்காட்சி நிலையத்தில் வைத்துக் கேட்பது அநாகரிகம் என்பதே என் கருத்து.

மகன் தவிர்த்த பகுதி வேறு. பாசாங்கு என்றால் உள்ளே ஒரு திட்டத்தை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டுவது. ஃபாரனின் கட்சி தன்பாலினத் திருமணத்தை ஆதரித்தது, அவரும் ஆதரித்தார், தலைவராக இருந்த இரண்டு வருடங்களில் அந்த உரிமையைக் குறைக்க ஒரு துரும்பையும் அவர் அசைக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய பதிவு அவ்வளவு சுத்தமில்லை. பொருள்களையும் சேவைகளையும் வழங்குவதில் தன்பாலின ஈர்ப்பாளர்களிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் விதிகள் 2007இல் வந்தபோது எதிர்த்து வாக்களித்தார். 2013இல் தன்பாலினத் திருமணச் சட்டத்தின் இரண்டாம் வாசிப்பில் ஆதரித்தவர், மூன்றாம் வாசிப்பில் வாக்களிக்கவில்லை. இந்தப் பதிவை வைத்துப் பார்த்தால் அந்தப் பாவக் கேள்வி வெறும் வம்பு அல்ல என்பது தெரியும். “நாளை விலை கொடுக்க வேண்டிவந்தால் எங்கள் பக்கம் நிற்பீர்களா?” என்று கேட்கத் தெரியாதவர்கள், அல்லது கேட்கப் பயந்தவர்கள், அதைத்தான் இப்படிக் கேட்டார்கள். அதற்கு அவர் ஒருபோதும் நேராகப் பதில் சொல்லவில்லை. நேர்முகத்தில் உங்களிடம் கேட்கப்பட்டதும் அதுவேதான்.

இந்த இடத்தில் பழைய வரலாறு ஒன்று சொல்ல வேண்டும். நான் வேட்பாளர் நேர்முகத்தைப் பற்றிக் கேட்டால் இவர் விக்டோரியா காலத்துக்குப் போகிறார் என்று சிரிக்காதீர்கள். எனக்கு இது மிகவும் பிடித்த அத்தியாயம்.

1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியிலிருந்து சார்ல்ஸ் பிராட்லா என்ற நாத்திகர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுளின் பெயரால் உறுதிமொழி எடுத்தால்தான் ஆசனம் என்ற நிலை. அவரை உள்ளே விடவில்லை. இடைத்தேர்தல் வைத்தார்கள், அதே மக்கள் அவரையே மறுபடி அனுப்பினார்கள், மறுபடியும் விடவில்லை. அப்போதைய பிரதமர் கிளாட்ஸ்டன் தீவிரமான விசுவாசி. பிராட்லாவின் கருத்துகள் அவருக்கு அருவருப்பானவை. அந்த கிளாட்ஸ்டன்தான் 1883இல், கடவுளின் பெயரைச் சொல்லாமலே உறுதி எடுக்க வழிசெய்யும் மசோதாவுக்காக நாடாளுமன்றத்தில் எழுந்து நீண்ட உரை ஆற்றினார். மதத்தின் பெயரால் ஒரு குடிமகனின் உரிமையைப் பறிப்பது மதத்துக்கே கேடு என்பது அவருடைய வாதத்தின் சாரம். மசோதா 292க்கு 289 என்று மூன்றே வாக்குகளில் தோற்றது. பிராட்லா 1886இல்தான் ஆசனத்தில் அமர முடிந்தது. தன் நம்பிக்கையில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்காமல், தன் கட்சிக்குள்ளேயே வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டு, தான் தவறு என்று கருதியவனின் உரிமைக்காக கிளாட்ஸ்டன் நின்றார். ஃபாரனின் கட்சி வந்த வழி அதுதான். அந்த மரபிலிருந்து ஒரு பதிலை எடுத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இன்னும் கிட்டிய உதாரணமும் உண்டு. ஆண்களுக்கிடையிலான தன்பாலின உறவைக் குற்றமற்றதாக்க வேண்டும் என்று வுல்ஃபெண்டன் குழு 1957இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகப் பத்து வருடம் ஆனது. அந்த இழுபறியின்போது பிரபுக்கள் சபையில் மாற்றத்தை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் கான்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சி. அந்த உறவு தவறானது என்று சொல்லிக்கொண்டே, தவறானதெல்லாம் குற்றமாக இருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். இன்றைய காதுக்கு அந்தப் பேச்சின் முதல் பாதி கசக்கும். ஆனாலும் 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சட்டம் நிறைவேறியதில் அவர் குரலுக்கும் பங்கு உண்டு. நாம் விட்டுவந்த ஊரில் ஆங்கிலேயர் 1883இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவையின், தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது என்பதை உங்கள் போதகருக்கு நினைவூட்டுங்கள். சிறைக்கு அனுப்பும் சட்டம் வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார். அப்படியானால் பாவத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கோடு இருப்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். எங்கே போடுவது என்பதில்தான் உங்களுக்குள் வேறுபாடு.

சரி, ஒளிக்காமல் சொன்னால் எல்லாம் நன்றாக முடியுமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஸ்காட்லாந்தில் 2023இல் எஸ்என்பி எனப்படும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்ட கேட் ஃபோர்ப்ஸ், ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்தவர். தன்பாலினத் திருமணச் சட்டம் வந்த 2014இல் நாடாளுமன்றத்தில் இருந்திருந்தால் எதிர்த்து வாக்களித்திருப்பேன், ஆனால் அது இப்போது சட்டம், அதைக் காப்பேன் என்று முதல் நாட்களிலேயே சொல்லிவிட்டார். ஆதரவளித்த சில உறுப்பினர்கள் உடனே விலகினார்கள். ஆனால் உறுப்பினர் வாக்கெடுப்பில், முஸ்லிமான ஹம்சா யூசஃபிடம் அவர் ஏறத்தாழ 52க்கு 48 என்ற அளவில்தான் தோற்றார். அடுத்த வருடம் மே மாதத்தில் துணை முதலமைச்சர் ஆனார். ஃபாரன் தலைமையை அடைந்து இழந்தார், ஃபோர்ப்ஸ் அடையவேயில்லை. ஆனால் ஃபோர்ப்ஸ் சொன்னதைப் பின்னர் திரும்பப் பெற வேண்டிவரவில்லை. உங்கள் நிலை அவருடையதைவிட எளிது. சட்டத்தை எதிர்த்திருப்பேன் என்று அவர் சொன்னார், நீங்கள் ஆதரிக்கிறேன் என்கிறீர்கள்.

அத்தோடு, நீங்கள் தலைவர் பதவிக்குப் போகவில்லை. கட்சித் தலைவர் தொலைக்காட்சியில் கட்சியின் முகமாக இருப்பவர். அவருடைய உள்மனமும் கட்சியின் கொள்கையும் ஒன்றுதான் என்று வாக்காளர்கள் எடுத்துக்கொள்வார்கள். கவுன்சிலரிடம் அந்த எதிர்பார்ப்பு இல்லை. குப்பை எடுக்கவில்லை, வீட்டு ஈரம் காயவில்லை, பிள்ளைக்குப் பள்ளி இடம் கிடைக்கவில்லை என்று வருபவர்கள் உங்கள் இறையியலைக் கேட்கப்போவதில்லை.

அதற்காக இந்தக் கேள்விக்கும் கவுன்சிலுக்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1988 முதல் 2003 வரை இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த, உள்ளூராட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளூராட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்று தடுத்தது. அது குறிவைத்தது கவுன்சில்களைத்தான்: அவற்றின் பள்ளிகள், நூலகங்கள். அக்காலத்தில் பள்ளியில் படித்தவர்கள் இப்போது நடுவயதுக்காரர்கள். அவர்களில் சிலர் உங்கள் நேர்முகக் குழுவில் உட்கார்ந்திருக்கலாம். மதம், கவுன்சில் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகக் கேட்டதும் அவர்கள் உடல் விறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்று கேட்ட விதம் முரட்டுத்தனமானதுதான். அந்த ஒன்றுக்காக அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி என் தொழில் சார்ந்த பகுதி. மூன்று வழக்குகளைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும்.

இஸ்லிங்டன் கவுன்சிலில் திருமணப் பதிவாளராக இருந்த ஒரு கிறிஸ்தவப் பெண், 2005 இறுதியில் தன்பாலின இணையரின் உறவைச் சட்டப்படி பதிவுசெய்யும் சிவில் பார்ட்னர்ஷிப் நடைமுறைக்கு வந்தபோது அவற்றைப் பதிவுசெய்ய மறுத்தார். கவுன்சில் நடவடிக்கை எடுத்தது. வழக்கு மேலே மேலே போய், 2013 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் அவர் தோற்றார். அதே தீர்ப்பில், வேலையில் சிலுவைச் சங்கிலி அணிய விரும்பிய விமான நிறுவன ஊழியர் ஒருவர் வென்றார். நம்பிக்கையை நீங்கள் சுமந்து செல்லலாம். கவுன்ட்டருக்கு அந்தப்பக்கம் நிற்கும் குடிமகனுக்குரியதை அதன் பெயரால் மறுக்க முடியாது. ஒரே தீர்ப்பில் இரண்டும் இருக்கின்றன.

அடுத்தது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. டெர்பி நகரில் ஒரு பெந்தெகொஸ்தே தம்பதியர் வளர்ப்புப் பெற்றோராக விரும்பினார்கள். தன்பாலீர்ப்பு பற்றிய அவர்களுடைய கருத்தால் விண்ணப்பம் முட்டுக்கட்டையில் நின்றது. 2011இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கிறிஸ்தவர்கள் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றார்கள் நீதிபதிகள்; ஆனால் பராமரிப்புக்கு வரும் பிள்ளை எப்படி நடத்தப்படும் என்பதைக் கவுன்சில் கணக்கில் எடுப்பதைத் தடுக்க மறுத்துவிட்டார்கள். இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? கவுன்சிலரான அன்றிலிருந்து, உங்கள் கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சக உறுப்பினர்களோடு சேர்ந்து நீங்களும் பெற்றோர் பொறுப்பில் இருப்பீர்கள். அந்தப் பிள்ளைகளில் பதினைந்து வயதில் தன்பாலின ஈர்ப்பை உணர்ந்து, அதனாலேயே வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவன் இருக்கக்கூடும். தமிழ் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கக்கூடும். அவனுக்கான குழு உங்கள் முன் அறிக்கை வைக்கும்போது உங்களால் அவன் பக்கம் முழுமனதோடு நிற்க முடியுமா? சபையின் போதனையோடு இதற்கு மோதல் வரும் என்றால், எங்கே வரும் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதை முக்கியமாக நினைக்கிறேன். இதற்கு “முடியும்” என்று வராவிட்டால், மேலே “நில்லுங்கள்” என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மூன்றாவது வட அயர்லாந்து ரொட்டிக்கடை வழக்கு. தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த கிறிஸ்தவக் கடைக்காரர்களுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் 2018இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறுக்கப்பட்டது வாசகம், வாடிக்கையாளர் அல்ல என்பதே அடிப்படை. நம்பாத ஒன்றை உங்கள் வாயால் சொல்லும்படி சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது என்பதற்கு இது போதும்.

கட்சி விசுவாசம் பற்றிக் கேட்டீர்கள். கட்சி என்பது சபை அல்ல. உள்ளத்தைக் கேட்கும் அதிகாரம் அதற்கு இல்லை, கையைக் கேட்கும் அதிகாரம் உண்டு. கவுன்சில் குழுக்களிலும் கொறடா இருப்பார். வரவுசெலவுத் திட்டம் போன்றவற்றில் குழுவோடு வாக்களிப்பீர்கள் என்று எதிர்பார்ப்பார்கள், அது நியாயம். திட்டமிடல் அனுமதி, உரிமம் போன்றவற்றில் கொறடா உத்தரவு போடுவது முறையல்ல. மனச்சாட்சி சார்ந்தவை என்று கருதப்படும் விஷயங்களில் பெரிய கட்சிகளே தளர்த்துகின்றன. 2013இல் தன்பாலினத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் கன்சர்வேட்டிவ் பிரதமர் கேமரன். கொறடா உத்தரவு இல்லாத அந்த வாக்கெடுப்பில் அவருடைய கட்சியினரிலேயே ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள் அதிகம். சட்டம் மற்றக் கட்சிகளின் வாக்குகளோடு நிறைவேறியது. கட்சியும் உடையவில்லை.

ஆனால் தேர்தலுக்கு முன் ஒரு கொள்கைக்குத் தலையசைத்துவிட்டு, பிறகு சபையினர் கூட்டமாக வந்து கேட்டதும் மறுபக்கம் நிற்பது வேறு விஷயம். 2019இல் பர்மிங்ஹாமில் ஆண்டர்டன் பார்க் தொடக்கப் பள்ளியின் முன், தன்பாலினப் பெற்றோர் உள்ள குடும்பங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதை எதிர்த்து முக்கியமாக முஸ்லிம் பெற்றோர் போராடினார்கள். அத்தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் ரோஜர் கோட்ஸிஃப், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று போராடியவர்களிடம் சொன்னார். கட்சி மேலிடம் கண்டித்தது. அந்த வருட இறுதித் தேர்தலில் அவர் கட்சி வேட்பாளராக இல்லை. சுயேச்சையாக நின்று தோற்றார். உங்கள் வட்டாரத்திலும் இப்படிப் பள்ளிக்கூட வாசலில் ஒரு தகராறு வரலாம். அன்று உங்கள் சபையிலிருந்தே ஆட்கள் வந்து உங்கள் கதவைத் தட்டுவார்கள். பெற்றோரின் குறையைக் கேட்பதும் தலைமையாசிரியரோடு பேச வைப்பதும் உங்கள் வேலை. மதில்மேல் ஏறி நின்று கோஷம் போடுவது உங்கள் வேலை அல்ல. இதையும் போதகரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பின்னால் மனத்தாங்கல் குறையும்.

ஆகவே நேர்முகக் குழுவின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். அன்று திகைத்துப்போனதாகவும் இப்போது யோசித்துப் பதில் சொல்வதாகவும் தொடங்குங்கள். “நான் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் உறுப்பினர். திருமணம் பற்றிய அதன் போதனையை என் சொந்த வாழ்வில் ஏற்றுக்கொண்டவள். தன்பாலினத் திருமணம் இந்நாட்டின் சட்டம். அதை ஆதரிக்கிறேன், குறைக்கும் எந்த முயற்சிக்கும் வாக்களிக்க மாட்டேன். கவுன்சிலின் சேவைகள் எவருக்கும் குறைவின்றிக் கிடைக்க உழைப்பேன். தன்பாலின ஈர்ப்புள்ள குடிமக்களுக்கு எதிராக யாராவது நடந்துகொண்டால், அவர் என் சபையினராக இருந்தாலும், அவர்களுடைய பக்கம் நிற்பேன். எது பாவம் என்ற கேள்விக்கு வேட்பாளராக நான் பதில் சொல்லப்போவதில்லை. எப்படி வாக்களிப்பேன் என்பதற்கு எப்போதும் பதில் சொல்வேன்.” இந்த வரிகளில் உங்களால் மனதார எழுத முடியாதது எதுவும் இருந்தால் அதை வெட்டிவிடுங்கள், அழகுக்காக வைத்திருக்க வேண்டாம். ஃபாரனுக்கு நேர்ந்ததன் பொருளே அதுதான். பத்திரிகைக்காரர் கேட்டாலும், வாசலில் வாக்காளர் கேட்டாலும் இதே வரிகளைச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தால்தான் மகன் சொன்ன இரண்டு முகம் வரும்.

கட்சி இதை ஏற்றுக்கொள்ளுமா என்று என்னால் சொல்ல முடியாது. கொள்கையை ஆதரிக்கிறீர்களா என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வேறு தகுதியான வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை உண்டு. ஆனால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தன்பாலீர்ப்பைப் பாதுகாப்பதைப் போலவே மத நம்பிக்கையையும் பாதுகாக்கிறது. உறுப்பினர் சங்கங்கள் பற்றிய அதன் பகுதி அரசியல் கட்சிகளுக்கும் பொருந்தும். கொள்கையை ஆதரிக்கிறேன் என்று நீங்கள் எழுத்தில் கொடுத்த பிறகும், குறிப்பிட்ட சபையில் இருப்பதால் மட்டும் உங்களை ஒதுக்கினால் அது வேறு கணக்கு. எனவே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். நேர்முகத்தில் யார் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைத் தேதியோடு இன்றிரவே குறித்து வையுங்கள். காரணம் திருப்தியளிக்காவிட்டால் முதலில் கட்சிக்குள்ளேயே மேல்முறையீடு செய்யுங்கள். நீதிமன்றத்துக்குப் போவது உங்களுக்கு உகந்ததாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் இத்தகைய வழக்குக்குப் பொதுவாக ஆறு மாத காலவரம்பு உண்டு, அது கட்சியின் உள் விசாரணை முடியும்வரை காத்திருக்காது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.